சொலுபிலிட்டி பாசிட்டிவ், ஆனால் எச்பிஎல்சியில் எஸ் 26.8% மட்டும்: ட்ரெய்ட்டா, எஸ்-பீட்டாவா?

#1 ஸ்லைடுமேசை

அரிவாள் செல் (சிக்கிள்) நோய்க்கான பரிசோதனை ரிப்போர்ட் ஒன்று கையெழுத்தாகாமல் மேசையிலேயே கிடக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

பெண், 24 வயது, முதல் கர்ப்பம், 10 வாரம். இதுவரை ரத்தம் ஏற்றியதில்லை. எச்பி (ஹீமோகுளோபின்) 9.8, ஆர்பிசி (சிவப்பணு) 4.6 மில்லியன், எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 68, எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள எச்பி) 21.3, ஆர்டிடபிள்யூ (சிவப்பணு அளவின் ஏற்ற இறக்கம்) 18.2. சொலுபிலிட்டி (ரீஏஜென்டில் ரத்தம் கலங்கினால் எஸ் உண்டு என்று காட்டும் குழாய்ச் சோதனை) பாசிட்டிவ். எச்பி வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியில் (பீட்டா தலசீமியா ஷார்ட் புரோகிராம்) சாதாரண எச்பியான ஏ0 59.6, அதன் மாற்றமடைந்த பகுதிகளான பி3 5.0, பி2 4.0, கருப்பருவ எச்பியான எஃப் 0.9, சிறிதளவே இருக்கும் ஏ2 3.7, அரிவாள் எச்பியான எஸ் 26.8. எஸ் பீக் 4.42 நிமிடத்தில் வந்திருக்கிறது.

ட்ரெய்ட் (இரண்டு ஜீனில் ஒன்று மட்டும் மாறிய நிலை) என்றால் எஸ் 35-லிருந்து 40 வரை இருக்கும் என்றுதான் படித்தது. இங்கே 27-கூட இல்லை. ஏ2 வேறு 3.5-ஐத் தாண்டுகிறது, எம்சிவி 68. என்னவென்று எழுதுவது?

#2 ஏ2பார்வை

இதில் குழப்பம் எதற்கு? ஏ2 3.7, எம்சிவி 68. பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத மரபுக்குறை) ட்ரெய்ட்டும் கூடவே இருக்கிறது. எஸ்-பீட்டா என்று எழுதிவிடலாம்.

#3 செங்குருதி

ஏ2பார்வை, கொஞ்சம் பொறுங்கள். எஸ்-பீட்டா என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஏ2 இல்லை. ஏ பெரிதா, எஸ் பெரிதா என்பதுதான்.

ஏ என்ற எச்பியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரு வகைச் சங்கிலிகள். பீட்டா குளோபின் ஜீன் ஒருவருக்கு இரண்டு. ஒன்று எஸ், மற்றொன்று தலசீமியா என்றால், சாதாரண பீட்டா சங்கிலியைச் செய்ய வேண்டிய ஜீனே முடங்கிப்போயிருக்கிறது. அப்புறம் ஏ எங்கிருந்து 60 வரும்? பீட்டா ஜீரோவாக இருந்தால் ஏ அறவே இராது. பீட்டா பிளஸ் என்றால் கொஞ்சம் இருக்கும், ஆனால் எஸ்-ஐவிடக் குறைவாகவே இருக்கும். இந்தப் பெண்ணுக்கு ஏ எஸ்-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். ரத்தம் ஏற்றாதவர் என்பது உறுதியானால் எஸ்-பீட்டாவை இந்த ஒரு வரியிலேயே தள்ளிவிடலாம். இவர் ட்ரெய்ட்தான்.

ஏ2 3.7-ஐ நம்பாதீர்கள். எஸ் இருக்கும் சாம்பிளில், குளுக்கோஸ் முதலானவை ஒட்டி மாற்றமடைந்த எஸ்-இன் ஒரு பகுதி முன்னதாகவே கழன்று ஏ2 விண்டோவுக்குள் (ஏ2 வெளிவரும் நேர இடைவெளி) விழும். கருவி அதையும் ஏ2 என்றே கணக்கில் சேர்க்கும். எஸ் ட்ரெய்ட்டில் ஏ2 4-ஐத் தொடுவதுகூட அபூர்வமில்லை. எஸ் இல்லாத சாம்பிளுக்கு வைத்திருக்கும் வெட்டுப்புள்ளியை இங்கே கொண்டுவந்து வைத்தால் பாதி ட்ரெய்ட்டுகளுக்குத் தலசீமியா பட்டம் கட்ட வேண்டியிருக்கும்.

#4 ஏ2பார்வை

ஒப்புக்கொள்கிறேன். ஏ/எஸ் விகிதத்தைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஆனால் எஸ் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இன்னும் பதில் வரவில்லையே.

#5 மரபுச்சரடு

இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்: ஆல்ஃபா தலசீமியா (ஆல்ஃபா சங்கிலி குறையும் மரபுக்குறை), இரும்புச்சத்துக் குறைவு.

பீட்டா சங்கிலியின் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் வந்ததுதான் எஸ் (புதிய எண்ணும் முறையில் 7-ஆம் இடம்). டிஎன்ஏ எழுத்தில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது, மாற்றம் அவ்வளவுதான். குளுட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின் சுமை உண்டு, வேலினுக்கு இல்லை. ஆல்ஃபா சங்கிலிக்கு நேர்மின் சுமை. ஆகவே சாதாரண பீட்டா, எஸ் பீட்டாவைவிட ஆல்ஃபாவோடு சுலபமாக ஜோடி சேரும். ஆல்ஃபா தாராளமாக இருக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, எஸ் 40% பக்கம் நிற்கும். ஆல்ஃபா தட்டுப்பாடு வந்தால் போட்டியில் எஸ் பின்தங்கும். நான்கு ஆல்ஃபா ஜீன்களில் ஒன்று போனால் சுமார் 35, இரண்டு போனால் 30-க்குக் கீழே. இரும்புக் குறைவிலும் எஸ் விகிதம் இறங்கும்.

இந்தியாவில் எஸ் உள்ள சமூகங்களில் ஆல்ஃபா தலசீமியாவும், குறிப்பாக 3.7 கிலோபேஸ் டெலீஷன் (டிஎன்ஏ துண்டு இழப்பு), நிறையவே உண்டு. இவருக்கு ஆர்டிடபிள்யூ 18.2, எச்பி 9.8. இரும்புக் குறைவும் கலந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பாருங்கள். இரும்பு சரியான பிறகும் எம்சிவி 75-ஐத் தாண்டாமல், எஸ்-உம் 30-க்குக் கீழேயே நின்றால் ஆல்ஃபா டெலீஷனுக்கு கேப்-பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) போடலாம். அவசரமில்லை. அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது, அதை இன்னும் யாரும் எழுதவில்லை. கணவருக்கு என்ன சோதனை செய்தீர்கள்?

#6 ஸ்லைடுமேசை

நன்றி சார். கணவருக்கு அன்றைக்கே சொலுபிலிட்டி போட்டாயிற்று, நெகட்டிவ். அதனால் அவர் ஃபைலை மூடிவிட்டார்கள்.

#7 மரபுச்சரடு

அதைத் திறக்கச் சொல்லுங்கள். நாளைக்கே.

சொலுபிலிட்டி பிடிப்பது எஸ்-ஐ மட்டும் (அபூர்வமாக சி-ஹார்லெம் போல அரிவாளாக வளையும் வேறு சில வகைகளையும்). பீட்டா தலசீமியா ட்ரெய்ட் அதில் நெகட்டிவ். மாறிய வேறு எச்பி வகைகளும் அப்படியே: டி-பஞ்சாப் நெகட்டிவ். இ நெகட்டிவ். சி நெகட்டிவ். இவற்றில் எது கணவரிடம் இருந்தாலும் குழந்தைக்கு எஸ்-உடன் ஜோடி சேர்ந்துவிடும். எஸ்/பீட்டா ஜீரோவும் எஸ்/டி-பஞ்சாபும் எஸ்எஸ் (இரண்டு ஜீனும் எஸ்) போலவே கடுமையாக இருக்கக்கூடியவை. எஸ்/இ பெரும்பாலும் லேசானது. கர்ப்பிணிக்கு எஸ் ட்ரெய்ட் என்று தெரிந்த பிறகு கணவருக்குச் செய்ய வேண்டியது சிபிசியும் (ரத்த அணு எண்ணிக்கை) எச்பிஎல்சியும். அங்கே சொலுபிலிட்டிக்கு வேலையே இல்லை.

பத்து வாரம் என்கிறீர்கள். குழந்தையைச் சோதிக்கக் கரு நஞ்சுத்திசு எடுப்பது 11 முதல் 13 வாரத்துக்குள். அது தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீர். ஃபெரிட்டின் வரட்டும், இரும்பு மாத்திரை மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருந்தால் முதல் வாய்ப்பு கைநழுவிப் போகும்.

#8 குழாய்தாங்கி

கணவரின் சொலுபிலிட்டி நெகட்டிவ் என்பதே நம்பத்தக்கதுதானா என்றும் பார்க்க வேண்டும். கிட் போட்டீர்களா, ரீஏஜென்ட் நீங்களே தயாரித்ததா?

#9 ஸ்லைடுமேசை

இங்கே தயாரித்ததுதான். தேதி ஒட்டியிருக்கிறோம், 11 நாள் ஆகிறது. முழு ரத்தம் 20 மைக்ரோலிட்டர் போடுவது வழக்கம்.

#10 குழாய்தாங்கி

11 நாள் அதிகம். 4 டிகிரியில் வைத்தாலும் 7 நாள்தான் கணக்கு. மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

ஒரு லிட்டருக்கு: நீரற்ற டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 215 கிராம், நீரற்ற பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 169 கிராம், சோடியம் டைதயோனைட் 5 கிராம், சப்போனின் 1 கிராம். இதே வரிசையில் ஒவ்வொன்றாக, முந்தையது கரைந்து முடிந்த பிறகே அடுத்ததைப் போடவும். சப்போனின் கடைசி, குலுக்க வேண்டாம், நுரைத்துத் தள்ளும். சப்போனின் செல்லை உடைக்கிறது; டைதயோனைட் ஆக்சிஜனைப் பறிக்கிறது; அடர்ந்த பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இழந்த எஸ் கரையாமல் கலங்கி நிற்கிறது.

12×75 மி.மீ. குழாயில் 2 மி.லி. ரீஏஜென்ட். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள், அறை வெப்பநிலைக்கு வரட்டும். குளிர்ந்திருந்தால் கலங்கல் மந்தமாக வந்து, பாசிட்டிவே நெகட்டிவ் போலத் தெரியலாம். ஈடிடிஏ (உறையாமல் காக்கும் பொருள்) கலந்த ரத்தத்தைச் சுழற்றி, அடியில் தங்கிய செல்லிலிருந்து 10 மைக்ரோலிட்டர் போட்டுக் கலக்கி 5 நிமிடம் விடுங்கள். கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டைக்கு இரண்டரை செ.மீ. முன்னால் குழாயைப் பிடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் நெகட்டிவ். மறைந்தால் 1200 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றவும்: மேலே கருஞ்சிவப்பு வளையமும் கீழே வெளிர் ரோஜா நிறமோ நிறமற்ற திரவமோ வந்தால் அது எஸ். திரவம் முழுக்கச் சிவப்பாகவே நின்றால் அந்தக் கலங்கல் வேறு எதனாலோ வந்தது.

முழு ரத்தத்தைவிடச் சுழற்றிய செல் ஏன் நல்லது? எச்பி 6 உள்ளவரின் 20 மைக்ரோலிட்டர் முழு ரத்தத்தில் கலங்குவதற்குப் போதிய எஸ் இராது, பொய் நெகட்டிவ் வரும். மறுபக்கம் பிளாஸ்மாவில் கொழுப்போ புரதமோ ஏறியிருந்தால் அதுவே கலங்கலாகிப் பொய் பாசிட்டிவ் வரும். செல்லை மட்டும் எடுத்தால் இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முக்கியமானது டைதயோனைட் பாட்டில். திறந்து திறந்து மூடினால் காற்றும் ஈரமும் பட்டுக் கட்டி பிடித்துச் செத்துப்போகும். செத்த ரீஏஜென்டில் எல்லாச் சாம்பிளும் அழகாக, கண்ணாடி மாதிரி நெகட்டிவ் வரும். ஒருநாள் முழுக்க நெகட்டிவ் வந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் தொல்லை. ஒவ்வொரு தொகுதியோடும் ட்ரெய்ட் கன்ட்ரோல் ஒன்று, சாதாரணக் கன்ட்ரோல் ஒன்று. பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு எஸ்எஸ் ரத்தம் எடுக்காதீர்கள். 80% எஸ் அரைகுறை ரீஏஜென்டிலும் கலங்கிவிடும். ட்ரெய்ட் ரத்தம் கலங்கினால்தான் ரீஏஜென்ட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

#11 குழந்தைவார்டு

குழாய்தாங்கி சொன்னதோடு ஒன்று: ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு யாராவது சொலுபிலிட்டி எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்புங்கள். பெரும்பகுதி எஃப், எஸ் இருந்தாலும் கலங்கும் அளவுக்கு இராது. நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்த தாளை அம்மா பத்திரமாக வைத்திருப்பார். இரண்டு வயதில் கைவிரல் வீங்கி வரும்போது அந்தத் தாளைக் காட்டுவார்.

பிறந்த குழந்தைக்குக் குதிகால் ரத்தத்தில் எச்பிஎல்சி. எஃப்ஏஎஸ் (எஃப், ஏ, எஸ் மூன்றும்) என்று வந்தால் ட்ரெய்ட். எஃப்எஸ் என்று வந்தால் எஸ்எஸ், எஸ்-பீட்டா ஜீரோ, எஸ்-எச்பிஎஃப்எச் (எஸ்-உடன், எஃப் குறையாமல் தங்கிவிடும் மரபு) மூன்றில் எதுவும் இருக்கலாம். பெற்றோரின் எச்பிஎல்சி இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். எந்த வகை என்று உறுதியாவதற்குக் காத்திருக்காமல் பெனிசிலினைத் தொடங்கிவிட வேண்டும்.

இதையொட்டி எனக்கும் ஒரு கேள்வி. ஆறு வயதுப் பையன், எச்பி 7.6, எஸ் 58, ஏ 21, எஃப் 15, ஏ2 4.4. எஸ் பெரிது, ஏ சிறிது. செங்குருதி கணக்குப்படி எஸ்-பீட்டா பிளஸ். சரிதானே?

#12 செங்குருதி

ரத்தம் ஏற்றியது எப்போது?

#13 குழந்தைவார்டு

ஃபைலில் இல்லை. கேட்டதில் ஐந்து வாரத்துக்கு முன் வேறு இடத்தில் ஒரு யூனிட்.

#14 செங்குருதி

அப்படியானால் அந்த 21% ஏ யாருடையது என்றே சொல்ல முடியாது. எஸ்எஸ் பையனுக்கு ஒரு யூனிட் ஏற்றினாலும் இதே படம்தான் வரும். கடைசி ரத்தம் ஏற்றி மூன்று மாதம் தாண்டிய பிறகு திரும்பப் போடலாம். அதுவரை காத்திருக்க முடியாத பையன் என்றால் பெற்றோர் இருவரின் எச்பிஎல்சி, அதுவும் போதாவிட்டால் டிஎன்ஏ. வேண்டுகோள் படிவத்தில் “ரத்தம் ஏற்றிய தேதி” என்று ஒரு கட்டம் இல்லாத லேப் எச்பிஎல்சி ரிப்போர்ட்டே கொடுக்கக்கூடாது என்பது என் கட்சி.

எம்சிவியும் பாருங்கள். எஸ்எஸ் என்றால் சாதாரணமாக எம்சிவி இறங்காது. 65-70 என்றால் எஸ்-பீட்டா, அல்லது எஸ்எஸ்-உடன் ஆல்ஃபா. இந்த இரண்டையும் எச்பிஎல்சி தாளை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டிலும் ஏ2 ஏறும், எம்சிவி இறங்கும். பெற்றோரில் ஒருவருக்கு எஸ், மற்றவருக்கு ஏ2 உயர்வு என்றால் முடிந்தது. இருவருக்குமே எஸ் என்றால் வேறு முடிவு.

#15 நீலமலை

எஃப் 15 என்று பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்தியாவில் எஸ் முதன்முதலில் பதிவானது நீலகிரியில். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷ்ஷும் அங்கே பழங்குடி மக்களிடம் கண்டு எழுதினார்கள். இங்குள்ள ஜீன் பெரும்பாலும் அரபு-இந்திய ஹாப்லோடைப் (ஜீனோடு சேர்ந்தே வரும் டிஎன்ஏ அமைப்பு). ஆப்பிரிக்க வகைகளைவிட எஃப் கூடுதல், பெரியவர்களுக்கே 15, 20 என்று நிற்கும். எஃப் இருக்கும் செல்லில் எஸ் இழையாகக் கோத்துக்கொள்வது தடைபடும். அதை வைத்து “இந்திய சிக்கிள் லேசானது” என்று ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாக்பூர் பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எஃப் 20 என்று ரிப்போர்ட்டில் பார்த்துவிட்டு மருந்தைத் தள்ளிப்போடக்கூடாது.

2023 ஜூலை 1-இல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தில், 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. 2047-க்குள் ஒழிப்பது குறிக்கோள். எண்ணிக்கையைத் துரத்தும்போது சொலுபிலிட்டி நெகட்டிவ் என்றதும் ஆளை அனுப்பிவிடுவது நடக்கும். முகாமில் பொதுவாக அது சரி. கர்ப்பிணியின் கணவர் விஷயத்தில் மட்டும் சரியில்லை. மரபுச்சரடு மேலே சொன்னதைச் சுவரில் ஒட்டலாம்.

#16 குழந்தைவார்டு

சிக்கிளுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியாவும் அந்த எஃப்-ஐத்தானே ஏற்றுகிறது. பையனுக்கு வகை உறுதியாகும் வரை நிறுத்தி வைக்க வேண்டுமா?

#17 செங்குருதி

தேவையில்லை. எஸ்எஸ் ஆனாலும் எஸ்-பீட்டா ஜீரோ ஆனாலும் அதே மருந்துதான். பீட்டா பிளஸ் என்றாலும் வலி அடிக்கடி வந்தால் கொடுப்பதுண்டு. குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மி.கி. என்பது அமெரிக்க வழிகாட்டல். இந்தியாவில் 10 மி.கி.யில் நிறுத்தியே பலன் கண்டவர்கள் உண்டு. ஏற்றுவதானால் எட்டு வாரத்துக்கு ஒருமுறை 5 மி.கி., உச்சம் 35. நியூட்ரோஃபில் (ஒரு வகை வெள்ளணு) 2000-க்கோ பிளேட்லெட் 80,000-க்கோ கீழே போனால் நிறுத்தி, வாரம் ஒருமுறை எண்ணி, மீண்டதும் 5 மி.கி. குறைத்துத் தொடங்க வேண்டும். கர்ப்பத்தில் கிடையாது.

மருந்து உள்ளே போகிறதா என்பதற்கு எம்சிவியே சாட்சி. மூன்று மாதம் ஆகியும் எம்சிவி நகரவில்லை என்றால் டோஸை ஏற்றுவதற்கு முன்னால் மாத்திரை நிஜமாகவே விழுங்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஆல்ஃபா தலசீமியா கூட இருந்தால் எம்சிவி 70-லிருந்து 80-க்கு வருவதே நல்ல ஏற்றம். 100 வரவில்லையே என்று டோஸை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

பிறந்த குழந்தைகளிடம் நோய் தலைகாட்டாததற்கு எஃப்-தான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஜேனட் வாட்சன் 1948-இலேயே எழுதிவிட்டார். வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் குழு எஸ்-ஐ மின்புலத்தில் பிரித்துக் காட்டியது அதற்கு அடுத்த வருஷம்தான். 2023 கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கிரிஸ்பர் (ஜீன் திருத்தும்) சிகிச்சை, எஃப்-ஐ மூடிவைக்கும் பிசிஎல்11ஏ-யை அடக்கி அதே எஃப்-ஐத்தான் திறந்துவிடுகிறது. எஸ் ஜீனை அது தொடுவதே இல்லை.

#18 குழாய்தாங்கி

கொஞ்சம் விலகி: எஸ்எஸ் சாம்பிளில் செல் கவுன்டர் காட்டும் வெள்ளணு எண்ணிக்கையை அப்படியே எழுதாதீர்கள். உட்கரு உள்ள சிவப்பணுவையும் வெள்ளணுவாக எண்ணிவிடும் கருவிகள் இருக்கின்றன. ஸ்மியரில் (ரத்தம் தேய்த்த ஸ்லைடு) 100 வெள்ளணுவுக்கு அத்தகைய சிவப்பணு எத்தனை என்று எண்ணி, கருவி காட்டிய எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கி, 100-உடன் அந்தச் சிவப்பணு எண்ணைக் கூட்டி வந்ததால் வகுக்கவும். 24,000 காட்டி, 100-க்கு 60 இருந்தால் உண்மையில் 15,000. ஹைட்ராக்ஸியூரியா டோஸை இதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஎஸ்ஆரும் (சிவப்பணு படியும் வேகம்) அப்படித்தான். வளைந்த செல் நாணய அடுக்குப் போல ஒட்டாது, அதனால் தொற்று இருந்தாலும் ஈஎஸ்ஆர் தாழ்வாகவே நிற்கும். எச்பிஏ1சி (நீரிழிவுக்குப் பார்க்கும் சோதனை) எஸ்எஸ்-இல் அர்த்தமற்றது. ஏ-யும் இல்லை, செல்லுக்கு ஆயுளும் இல்லை.

#19 ஏ2பார்வை

ட்ரெய்ட்டின் ஸ்மியரில் அரிவாள் செல் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டைச் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். ட்ரெய்ட்டில் ஸ்மியர் சாதாரணமாகவே இருக்கும். வளைவதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் 2% சோடியம் மெட்டாபைசல்ஃபைட்: 10 மி.லி. நீரில் 200 மி.கி., அன்றன்றைக்குப் புதிதாக. ரத்தத்தோடு கலந்து கவர்ஸ்லிப்பால் மூடி, அதன் ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கவும், இல்லையென்றால் 24 மணி நேரம் வரை. ஓரத்தில் ஓட்டை இருந்தால் காற்றுப் புகுந்து செல்லெல்லாம் வட்டமாகவே உட்கார்ந்திருக்கும்.

#20 ஸ்லைடுமேசை

கணவரின் ரிப்போர்ட் வந்துவிட்டது.

எச்பி 12.6, ஆர்பிசி 6.1 மில்லியன், எம்சிவி 64, எம்சிஎச் 20.7, ஆர்டிடபிள்யூ 15. எச்பிஎல்சி: ஏ2 5.4, எஃப் 1.1, எஸ் இல்லை, டி இல்லை. சொலுபிலிட்டியைப் புது ரீஏஜென்டில், சுழற்றிய செல்லில், ட்ரெய்ட் கன்ட்ரோலோடு திரும்பப் போட்டோம். இப்போதும் நெகட்டிவ்தான்.

#21 செங்குருதி

பீட்டா தலசீமியா ட்ரெய்ட். இங்கே எஸ் இல்லாததால் ஏ2 5.4-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆர்பிசி 6.1-உம் ஒத்துப்போகிறது. சொலுபிலிட்டி பொய் சொல்லவில்லை, கேட்ட கேள்வி வேறு.

மனைவியின் ரிப்போர்ட்டில் இப்படி எழுதுங்கள்: “எஸ் ட்ரெய்ட். எஸ் 30-க்குக் கீழே இருப்பதற்கு ஆல்ஃபா தலசீமியாவோ இரும்புக் குறைவோ காரணமாகலாம், ஃபெரிட்டின் பார்க்கவும். கணவர் பீட்டா தலசீமியா ட்ரெய்ட். உடனடி மரபணு ஆலோசனை தேவை.” கடைசி வரியைத் தடித்த எழுத்தில். எழுதியதோடு விடாமல் அனுப்பிய டாக்டருக்கு போனும் செய்யுங்கள்.

#22 மரபுச்சரடு

ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு எஸ்-பீட்டா, ஒரு பங்கு எஸ் ட்ரெய்ட், ஒரு பங்கு தலசீமியா ட்ரெய்ட், ஒரு பங்கு எதுவும் இல்லை. “ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த மூன்றுக்கு வராது” என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள், அதை அப்போதே திருத்திவிடுங்கள். சோதிப்பதா வேண்டாமா என்பதும், தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதும் அவர்கள் இருவரின் முடிவு. நம் வேலை நேரத்தோடு சொல்வது.

கருவைச் சோதிக்க முதலில் தகப்பனின் மாற்றம் எது என்று தெரிந்தாக வேண்டும். இந்தியாவில் அதிகம் காண்பது ஐவிஎஸ் 1-5 ஜி-சி என்ற பீட்டா ஜீன் மாற்றம். பொதுவான சில மாற்றங்களை ஆர்ம்ஸ்-பிசிஆரில் (தெரிந்த மாற்றங்களுக்கான டிஎன்ஏ சோதனை) தேடி, கிடைக்காவிட்டால் ஜீனை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங். தாயின் எஸ்-ஐயும் டிஎன்ஏவில் ஒருமுறை உறுதிசெய்ய வேண்டும். இதற்கே ஒரு வாரம் போய்விடும், ஆகவே இருவர் ரத்தமும் இன்றைக்கே கிளம்பட்டும். திசு எடுத்த பிறகு தாயின் திசு கலந்திருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள், அதற்கும் தாயின் ரத்தம் வேண்டும்.

ஆளுக்கு 3 மி.லி., ஈடிடிஏ குழாய். ஹெப்பாரின் வேண்டாம், பிசிஆரைக் கெடுக்கும். உறைய வைக்காமல் குளிர்பெட்டியில் அனுப்புங்கள், ஐஸ் கட்டி குழாயில் நேராகப் படக்கூடாது. குழாயில் பெயரோடு “தாய் - எஸ்”, “தந்தை - பீட்டா” என்றும் படிவத்தில் கர்ப்ப வாரத்தையும் எழுதுங்கள்; வாரம் எழுதாத சாம்பிள் வரிசையில் கடைசிக்குப் போய்விடும்.

#23 ஸ்லைடுமேசை

இரண்டு குழாயும் 2.40 கூரியரில் போய்விட்டது சார். படிவத்தில் “10 வாரம் 5 நாள்” என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.